கையிலேயே நின்ற ஊசி

எனக்குத் தெரிந்த ஊசி ஒன்றுதான். காலரா தடுப்புக்காரர் கீரனூர்ச் சந்தைக்கு வருவார், புஜத்தில் குத்துவார், பிடுங்குவார், பஞ்சால் தேய்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். யுத்தம் நடந்த வருஷம் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் என் பெண்சாதி செவந்திக்குப் போட்ட ஊசியோ, போட்டது போட்டபடி கையிலேயே நின்றது.

கம்பவுண்டர் உமர் பாரூக் அவள் முழங்கை மடிப்பில் தடவித் தடவிப் பார்த்துக் குத்தினார். கையைப் பலகையில் வைத்துக் கட்டினார். ஊசியிலிருந்து ஒரு ரப்பர் குழாய், அதற்கு மேலே தலைகீழாகத் தொங்கும் கண்ணாடிப் புட்டி. அவர் பாட்டுக்கு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

“ஏங்க, ஊசிய எடுக்க மறந்துட்டுப் போறீங்களே!”

“எடுக்கக் கூடாதுய்யா. சதையில போடுற ஊசின்னா துளி மருந்து, உடனே எடுத்துரலாம். இது ரத்தக் குழாய்க்குள்ள போகுது. புட்டி முடியிற மட்டும் இருக்கும்.”

“புட்டி நெறைய மருந்தா?”

“உப்புத் தண்ணி.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. வாந்திபேதிக்காரிக்குத் தண்ணீரா? பேதி கண்ட உடம்புக்குத் தண்ணீர் விஷம் என்று எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். வண்டியில் வழியெல்லாம் ஒரு வாய் தண்ணீர் கேட்டுக் கெஞ்சினாள் இவள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுத்தேன். வாய் வழியாக ஒரு மடக்கு ஆகாதென்று நான் காத்துக்கொண்டு வந்தால், இந்த மனுஷன் கை வழியாக ஒரு செம்பையே ஊற்றுகிறாரே! அட கிரகசாரமே, கொல்லப் பார்க்கிறாரா? குழாயைப் பிடுங்கப் போனேன்.

ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“தொட்டே, செத்துப்போவா! ஒடம்புத் தண்ணியெல்லாம் போயிருச்சு. இவ இருக்கிற நெலைக்கு வாய்ல குடுத்தா நிக்காது. அதான் இப்புடி ஏத்துறோம்.”

நம்புவதா, அவரைத் தள்ளிவிடுவதா என்று தெரியாமல் நின்றேன். பாதிப் புட்டி இறங்கியபோது செவந்தி கண் திறந்தாள். சில்லிட்டிருந்த விரலில் சூடு வந்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“அப்ப, தண்ணி ஆகாதுன்னு சொல்றது?”

“தண்ணி இல்லாமத்தான்யா இதுல ஆளு சாகுது. கொதிக்க வச்சு ஆத்தி, கொஞ்சம் கொஞ்சமாக் குடுக்கணும். வீட்ல வேற யாருக்காச்சும் கண்டிருக்கா?”

வண்டி கட்டும்போதே தம்பி வீரய்யாவுக்கு இரண்டு தரம் பேதி போயிருந்தது. காலில் விழுந்து கேட்டாலும் அவனுக்குச் சொட்டுத் தண்ணீர் கொடுக்கக் கூடாதென்று ஆத்தாவிடம் கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு வந்திருந்தேன்.

“இவளப் பாத்துக்கங்க!” என்று கத்திவிட்டு மாட்டைப் பூட்ட ஓடினேன். ஊர் பதினைந்து மைல். எங்கள் ஆத்தா சொன்ன சொல் தவறாதவள்.