பிற்பகல் தரை

ஊசி என்று எல்லோரும் கூப்பிடும் அவள், கண்ணை மூடிக்கொண்டு, டயரில் பல் போல நீட்டியிருந்த ரப்பர் பட்டன் ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். அழுத்தினால் உள்ளே போக வேண்டும், விட்டால் சட்டென்று திரும்பி வர வேண்டும். இது போனது, திரும்பி வர யோசித்தது. அதைத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தாள். கடை முழுக்கப் புது ரப்பர் வாசனை. கார் டயர்கள் கூரைக்குக் கீழே இரும்புக் கம்பியில் கோத்துத் தொங்கின. மண்ணில் ஓடும் பைக்குகளுக்கான பட்டன் டயர்கள் சுவரோரமாகச் சாய்ந்து, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன.

"என்னம்மா, டயருக்கு நாடி பிடிக்கறீங்களா?" என்றார் கடைக்காரர்.

"கை பழகிப் போச்சு. விரல் வச்சுப் பாக்காம எதையும் நம்ப முடியல."

அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்பவள். கையை நீட்டுகிறவர்களின் நரம்பைக் கட்டைவிரலால் தடவிக் கண்டுபிடித்து, அவர்கள் முகம் சுளிப்பதற்குள் ஊசியை எடுத்துவிடுவாள். பைக் ஓட்டும் கூட்டத்தில் அவளுக்கு ஊசி என்ற பெயர் வந்தது அதனால்தான். அவள் கணவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். அவனுக்குக் கண்ணாடி என்று பெயர். இருவரிடமும் ஆளுக்கொரு பழைய டர்ட் பைக் உண்டு. அவர்கள் கல்யாணத்தைவிட வயதான வண்டிகள். பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்துக் கிடந்தவற்றைக் கண்ணாடிதான் கண்டுபிடித்து, தள்ளிக்கொண்டு வந்தான். இருவருமாக உட்கார்ந்து ஒவ்வொரு திருகாகக் கழற்றி மாட்டி உயிர் கொடுத்தார்கள். ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரியில் வருடத்துக்கு ஒருமுறை பழைய வண்டிகளுக்கென்றே நடக்கும் பந்தயத்தில் இருவரும் ஓட்டுவார்கள்.

அதில்தான் ஒரு முள் இருந்தது. அவளுடைய வண்டிக்கும் டயர் தேர்ந்தெடுப்பது இதுநாள்வரை கண்ணாடிதான். அவள் நன்றாக ஓட்டிய வருடம், ஆட்கள் வந்து அவன் முதுகில்தான் தட்டினார்கள். "டயர் செலக்‌ஷன் அப்படி!" என்றார்கள். வழுக்கி விழுந்த வருடம், "நல்ல டயர் போட்டுக் குடுத்தும் ஓட்டத் தெரியலையே" என்று அவளைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். ஜெயித்தால் அவனுடையது, தோற்றால் அவளுடையது. இந்தக் கணக்கு கண்ணாடிக்குப் புரியவே இல்லை. புரியாத அளவுக்கு நல்லவன். போன வாரம் சாப்பிடும்போது, "இந்த வருஷம் என் டயரை நானே பாத்துக்கறேன்" என்று அவள் சொன்னதும், மெல்லுவதை நிறுத்திவிட்டான். இரண்டு நாள் முகம் தொங்கிப் போயிருந்தது. மூன்றாம் நாள் திடீரென்று உற்சாகமாகி, "சரி, அப்ப நானும் என்ன டயருன்னு சொல்ல மாட்டேன். பந்தயத்தன்னிக்குக் காலையிலதான் ரெண்டு பேரும் காட்டணும்" என்று விளையாட்டாக மாற்றிக்கொண்டான்.

"சார் வந்து வாங்கிட்டுப் போயிட்டார்" என்றார் கடைக்காரர். "என்ன டயருன்னு உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதாம்."

"விடாதீங்க. எனக்கே தெரியும். உயரப் பட்டன், நடுவுல நல்லா இடைவெளி விட்டது."

கடைக்காரர் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். அதுவே பதிலாக இருந்தது. "எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. பூ மாதிரி மண்ணு, நல்லாக் கடிச்சுப் போகும். உங்களுக்கும் அதே எடுக்கட்டுமா? இல்ல, இந்தப் புது மாடல்? எவ்வளவு அகலம் பாருங்க."

"அது என் வண்டியில ஏறினா செயினோட சேர்த்துத்தான் சுத்தும். பின்னாடி இருக்கிற இடமே ரெண்டு விரக்கடைதான். எனக்குக் குட்டைப் பட்டன் வேணும். நெருக்கமா, கெட்டியா."

"அது கல்லுத் தரைக்கும்மா."

"தெரியும். அதான் வேணும்."

தெரிந்ததற்குக் காரணம் அறிவு அல்ல, வேலை நேரம். கண்ணாடியும் மற்றவர்களும் பயிற்சிக்குப் போவது காலையில், கடை திறப்பதற்கு முன்னால். இரவுக் குளிரில் ஊறிய குவாரி மண் அப்போது ஈர ரொட்டி மாதிரி இருக்கும். அவளுக்கோ காலையில்தான் கூட்டம் அலைமோதும். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வந்தவர்கள் வாசல்வரை நிற்பார்கள். அவளுக்கு விடுதலை கிடைப்பதே மதியத்துக்கு மேல். ஆகவே அவள் தனியாக ஓட்டிப் பழகியதெல்லாம் பிற்பகல் தரையில். அது வேறு தரை. மேல்மண் புழுதியாகிப் பறந்துபோய், அடியிலிருக்கும் இறுகிய களிமண் தட்டுப் போலப் பளபளக்கும். பந்தயத்தில் காலை ஓட்டம் என்பது யார் இறுதி ஓட்டத்துக்குப் போவது என்பதற்காக மட்டும். கோப்பை பிற்பகலில்தான். இத்தனை வருடமாகக் காலைத் தரையைப் பார்த்து டயரை மாட்டிக்கொண்டு, பிற்பகலில் எல்லோரும் வழுக்கி, வெயிலைக் குற்றம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்! இது அவளுக்குப் பிடிபட்ட அன்று, ஒரு பெரியவரின் நரம்பு விரலுக்குக் கீழே புரண்டது போல உள்ளுக்குள் ஏதோ புரண்டது. யாரிடமும் சொல்லாமல் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டு ஷெட்டில் இரண்டு வண்டிகளும் பெட்ஷீட் போர்த்தி நின்றன. ஒருநாள் அவளுடைய வண்டியின் போர்வை இடம் மாறியிருந்தது.

"இதை யாரு தூக்கினது?"

"காத்தா இருக்கும்" என்றான் கண்ணாடி.

"ஷெட்டுக்குள்ள காத்தா?"

"பலமான காத்து. ஆனா ஒண்ணும் தெரியல. நீ உள்ள சாக்கு வேற சுத்தி வச்சிருக்க" என்றான், வெட்கமே இல்லாமல்.

பந்தயத்தன்று காலை சாக்கு அவிழ்ந்தது. கண்ணாடி ஒரு காலில் மண்டியிட்டு அவளுடைய டயரைப் பார்த்தான். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. ஒரு நோயாளியின் ரிப்போர்ட்டைப் பார்ப்பது போல, "ம்" என்றான். அவனுக்கும் சேர்த்துச் சிரிக்க அவன் தங்கை இருந்தாள். சாப்பாட்டுக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தவள், ஊசியைத் தோளால் இடித்தாள்.

"என்ன அண்ணி, டயரு பால் பல்லு முளைச்ச மாதிரி இருக்கு? கடிக்குமா, இல்ல முத்தம் மட்டும் குடுக்குமா?"

"சாயங்காலம் வந்து கேளு."

"சாயங்காலம் அண்ணன் கோப்பையைத் துடைச்சுக்கிட்டு இருப்பான். நான் உங்க முட்டிக்கு மருந்து போட்டுக்கிட்டு இருப்பேன்."

புழுதி அடங்கத் தண்ணீர் லாரி ஒருமுறை சுற்றிவிட்டுப் போனது. தரை சாக்லேட் நிறத்துக்கு மாறியது. கொடி விழுந்ததும் இரைந்துகொண்டு கிளம்பிய வண்டிகளுக்கு நடுவே அவளுடையது மட்டும் ஒரு கணம் நின்ற இடத்திலேயே சுழன்றது. நெருக்கமான பட்டன்களுக்கு நடுவே ஈர மண் அப்பிக்கொண்டு, பின் சக்கரம் உருட்டித் திரட்டிய மாவு போல மொழுமொழுவென்று ஆகிவிட்டது. திருப்பத்தில் ஹேண்டிலை ஒடித்தால் வண்டி நேராகப் போனது; மேட்டில் முறுக்கினால் சத்தம் மட்டும் ஏறியது. பலரும் அவள்மேல் மண்ணை வாரி இறைத்துக்கொண்டு கடந்தார்கள். தெரியும், இது தெரிந்ததுதான், காலை இப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தெரிந்திருப்பதும் எல்லோர் எதிரிலும் தடுமாறுவதும் ஒன்றல்ல என்று அப்போதுதான் தெரிந்தது. கடைசி மேட்டில் ஒருவன் இன்ஜின் அணைந்து நின்றுவிட்டதால், இறுதி ஓட்டத்துக்குப் போகிறவர்களில் கடைசி ஆளாகத் தொற்றிக்கொண்டாள். கண்ணாடி முதல் வரிசையில் இடம் பிடித்திருந்தான்.

சாப்பாட்டு இடைவேளையில் நடந்தது யாரும் எதிர்பாராதது. போன தண்ணீர் லாரி திரும்ப வந்தது. புழுதி பறந்ததாகப் பார்வையாளர்கள் சத்தம் போட்டார்களாம். பாதை முழுக்க மறுபடி நனைந்தது. கையில் சாப்பாட்டுத் தட்டோடு பார்த்துக்கொண்டிருந்த ஊசி, எடுத்த கவளத்தைத் தட்டிலேயே திரும்பப் போட்டாள். அவள் கணக்கு மொத்தமும் வெயிலை நம்பியது. அந்த வெயிலின் தலையிலேயே ஒரு லாரித் தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள்.

கண்ணாடி வந்தான். ஒரு தோளில் மாற்று டயர், இன்னொரு தோளில் இன்னொன்று. சட்டைப் பையிலிருந்து டயர் கழற்றும் லிவர் எட்டிப்பார்த்தது. மூக்கில் மண், கண்ணில் கவலை.

"இந்தா, என் ஸ்பேர் செட். உன் அளவும் இதேதான். சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள மாத்திடலாம். நான் முன்சக்கரம், நீ பின்சக்கரம்."

தனக்குப் போட்டியாக ஓட்டப் போகிறவளுக்குத் தன் டயரைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிற மனிதன். வாங்கிக்கொள்வதுதான் எவ்வளவு சுலபம்! வாங்கிக்கொண்டால், அப்புறம் எல்லாம் பழையபடி.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று தட்டை அவன் தங்கையிடம் கொடுத்துவிட்டு, பெரிய மேட்டின் அடிவாரத்துக்கு ஓடினாள். குந்தி உட்கார்ந்து, கட்டைவிரலைத் தரையில் வைத்தாள். மேலே ஈரம். அழுத்தினாள். விரல் போகவில்லை. இன்னும் அழுத்தினாள். நகம் வலித்தது. நாலடி தள்ளிப் போய் அங்கும் வைத்தாள். அங்கும் அப்படியே. அப்போதுதான் பாதையின் இரு ஓரங்களையும் கவனித்தாள். காலையில் பாதை முழுக்கப் பரவிக் கிடந்த பூ மண் வரப்பு மாதிரி ஓரங்களில் குவிந்து கிடந்தது. காலையில் ஓடிய அத்தனை உயரப் பட்டன்களும் சேர்ந்து அதை வாரி வெளியே எறிந்துவிட்டன. நனைவதற்கு நடுவில் மண்ணே இல்லை. இருப்பது கெட்டித் தரை. அதன்மேல் ஒரு பூச்சுத் தண்ணீர். அதுவும் பிடரியைச் சுடுகிற இந்த வெயிலில்! அவளுக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. உண்மையாகவே ஒரு குதி குதித்தாள்.

திரும்பி வந்து, மூச்சு வாங்க, எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. நல்ல செய்தி வந்தால் முதலில் அவனிடம் சொல்லியே பழகிவிட்டது.

"நீங்கதாங்க மாத்தணும். ரெண்டு ரவுண்டு தாண்டினா உங்க பட்டனெல்லாம் மடங்கிடும்."

கண்ணாடி, ஓரத்து மண்ணைப் பார்த்தான், மேட்டைப் பார்த்தான். "எங்கிட்ட இருக்கிறது மொத்தமும் இந்த ஜாதிதான்" என்று தோளிலிருந்ததைத் தட்டினான். பிறகு தணிந்த குரலில், "காயலைன்னா? உன் கணிப்புத் தப்பாப் போச்சுன்னா?"

"போகட்டும். தப்புன்னாலும் அது என் தப்பா இருக்கட்டுங்க. இதுவரைக்கும் நானா முடிவு பண்ணிச் செஞ்ச தப்புன்னு ஒண்ணுகூட இருந்ததில்ல."

இத்தனை நாள் புரியாத கணக்கு அவனுக்கு எங்கோ மூலையில் புரியத் தொடங்கியது போலிருந்தது. இரண்டு டயர்களையும் தரையில் போட்டு, அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டான். "சரி. ஆனா ஒண்ணு. நீ பின்னாடி வர்றன்னு நான் வழி விட மாட்டேன்."

"விட்டீங்கன்னா வீட்டுக்குள்ள விட மாட்டேன்."

"ரெண்டு பேரும் சீக்கிரம் போய்த் தொலைங்க" என்றாள் தங்கை. "கூடையோட உக்காந்திருக்கற என்னையும் கொஞ்சம் நினைங்க."

இறுதி ஓட்டத்துக்குக் கொடி விழுந்தது. முதல் சுற்றில் தண்ணீர்ப் பூச்சு எல்லோரையும் சறுக்க வைத்தது, அவளையும். பல்லைக் கடித்துக்கொண்டு, கடைசி ஆளாக, வண்டியை முறுக்காமல் தாலாட்டிக்கொண்டு போனாள். இரண்டாம் சுற்றில் மேட்டின் உச்சியில் காய்ந்து வெளுத்த ஒரு திட்டு தெரிந்தது. அடுத்த முறை வந்தபோது அந்தத் திட்டு சரிவில் பாதிவரை இறங்கியிருந்தது. அதன்மேல் ஏறியதும் பின் சக்கரம் படபடவென்று தரையைப் பிடித்தது. இருக்கைக்குக் கீழிருந்து யாரோ உந்தித் தள்ளியது போல வயதான அந்த இன்ஜின் சின்னப் பிள்ளையாகத் துள்ளியது. "வாடா செல்லம்!" என்று ஹெல்மெட்டுக்குள் கத்தினாள். முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகத் திருப்பங்களில் அகலமாக வழுக்கி ஒதுங்க, அவள் உள்பக்கமாகப் புகுந்து போய்க்கொண்டே இருந்தாள். ஒருவனைத் தாண்டும்போது அவன் தன் பின் சக்கரத்தைக் குனிந்து பார்த்துத் திட்டுவது தெரிந்தது. அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்று அவளுக்குள் நுரைத்துப் பொங்கியது.

கடைசிச் சுற்று. முதலில் போகிறவன் யாரோ, மேட்டுக்கு அந்தப் பக்கம் மறைந்துவிட்டான். அவளுக்கு முன்னால் இப்போது ஒரே ஒரு முதுகு. எங்கே பார்த்தாலும் தெரிந்துவிடும் முதுகு. கண்ணாடி வழி விடவில்லை. சொன்ன சொல் தவறாமல் குறுக்கும் நெடுக்கும் அடைத்துக்கொண்டு ஓட்டினான். திருப்பத்தில் சாயும்போது அவனுடைய உயரப் பட்டன்கள் வளைந்து நெளிவதை அவளால் பார்க்க முடிந்தது. பட்டென்று ஒன்று பிய்ந்து பறந்து வந்து, அவள் ஹெல்மெட்டில் 'டொக்'கென்று மோதித் தெறித்தது.

அவன் வண்டி பிடி விட்டுப்போய் வெளிப்பக்கமாகக் கொஞ்சம், ஒரு முழம் அளவுக்கு, அலைந்தது. தோளுக்கு மேலாக ஒருமுறை திரும்பிப் பார்த்தான். உள்பக்கத்தில் வெளுத்த தரை துடைத்து வைத்த தட்டு மாதிரி மின்னிக்கொண்டு கிடந்தது. அவள் வண்டியைச் சாய்த்து அதில் இறக்கினாள். வெயில் இருவர் முதுகிலும் சாய்வாக விழுந்தது. சக்கரத்துக்குச் சக்கரம் மேட்டில் ஏறியபோது, அவளுடைய நீண்ட நிழல் அவனுடைய முன்சக்கரத்தைத் தாண்டி, உச்சியை நோக்கி, அவளுக்கும் முன்னதாகப் போய்க்கொண்டிருந்தது.