சும்மா படிக்கிற அரைமணி

எல்லா வினையும் ‘சும்மா’ என்ற சொல்லால் வந்தது.

வருஷக்கணக்கில் வகுப்பறைகளின் கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து ஆராய்ச்சிக்காரி கண்டுபிடித்தது ஒரே ஒரு விஷயம்தான். சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம் பிள்ளைகளைச் சும்மா படிக்க விட்டால் போதும். பிடித்த புத்தகம், பிடித்த மூலை. கேள்வி கிடையாது, மார்க் கிடையாது, டீச்சர் வாயே திறக்கக் கூடாது. அப்படி விட்டுப் பார்த்த பள்ளிகளில் எழுத்துக்கூட்டத் திணறிய பிள்ளைகள்கூடப் படிக்கத் தொடங்கின. அவர்களில் ஒருவன் அவள் பெற்ற பிள்ளை. புத்தகத்தைக் கண்டாலே வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தவன், கூப்பிட்டால் காதில் விழாத அளவுக்குப் படித்தான். அந்தப் பூரிப்பில் அவள் அறிக்கையில் எழுதினாள்: ‘பிள்ளைகளைச் சும்மா படிக்க விட வேண்டும்.’

கல்விக் கொள்கைக் கமிட்டித் தலைவர் அந்த வரியில் பேனாவைக் குத்தினார்.

“என்னம்மா இது, சும்மா? கொள்கையில எழுதுற வார்த்தையா?”

“வேற வார்த்தை இல்ல சார். சும்மான்னா சும்மாதான்.”

சட்ட அதிகாரி கண்ணாடியைத் துடைத்தார். “சும்மான்னா ஓசின்னும் அர்த்தம் இருக்கு. நாளைக்கு ஊரே ஓசியில புத்தகம் கேட்டு வாசல்ல நிக்கும்.”

‘நோக்கமற்ற வாசிப்பு’ என்று போட்டுப் பார்த்தார்கள். நோக்கம் இல்லாத எதிலும் அமைச்சர் கையெழுத்துப் போடமாட்டாராம்.

“அப்ப ‘நோக்கமுள்ள வாசிப்பு’ன்னு போட்டுடுவோம். மூணு எழுத்துதானே வித்தியாசம்!” என்றார் தலைவர். எல்லோருக்கும் பரம திருப்தி. டீ வந்தது.

நோக்கம் என்று ஒன்று இருந்தால் அது நிறைவேறியதா என்று பார்க்க வேண்டாமா? பார்ப்பதென்றால் கேள்வி வேண்டாமா? கேள்வி வந்தால் மார்க் சும்மா இருக்குமா? அவள் தொண்டை வறளக் கத்தினாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். கடைசியில், அரைமணியாவது உயிரோடு இருக்கட்டும் என்று அவளே சொல்லித் தொலைத்தாள்: “சரி, புத்தகத்த முடிச்சப்புறம் மட்டும் கேளுங்க. நடுவுல தொந்தரவு பண்ணாதீங்க.”

“பாத்தீங்களா, இதத்தான் எதிர்பார்த்தேன்” என்று தலைவர் முகம் மலர்ந்து குறித்துக்கொண்டார்.

பள்ளி திறந்ததும் உத்தரவு போனது. புத்தகத்தை முடித்த பிள்ளைக்கு ஒரு கேள்வித்தாள்: கதையின் நீதி யாது? நாயகனிடம் நீ கண்ட நற்பண்புகள் யாவை? அதைப் படித்துவிட்டு அவள் எரிச்சலில் தலைவருக்குப் போன் போட்டாள். “திட்டம் சக்கைப்போடு போடுதும்மா!” என்றார் அவர். இந்த மனுஷரிடம் பேசுவதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டாள்.

மாலையில் பையன் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தான். பையிலிருந்து ஒரு புத்தகம் எட்டிப் பார்த்தது. கூட்டத்தைத் தொலைத்த திமிங்கிலக் குட்டியின் கதை. கடைசிச் சில பக்கங்கள்தான் பாக்கி.

“ஏண்டா, இத முடிக்கலையா?”

“போதும்மா.”

“குட்டி அதோட அம்மாகிட்ட போய்ச் சேர்ந்துச்சான்னு தெரிய வேண்டாமா?”

அவன் திரும்பி அந்தப் புத்தகத்தைப் பார்த்தான். தெரிந்துகொள்ளும் ஆசை முகத்திலேயே இருந்தது.

“தெரியணும்தான். ஆனா முடிச்சாத்தானேம்மா கேள்வி கேப்பாங்க?”