வெள்ளை அட்டை

அப்பா இறந்து பதினோரு மணி நேரம் கழித்து, அவருடைய கம்ப்யூட்டரை அவள் மறுபடியும் அணைத்துப் போட்டாள். ஸ்டூடியோவின் பின்னறையில் பெட்டிக்குள் இருந்த சின்ன விசிறி மட்டும் இரைந்தது. மானிட்டர் கண் திறக்கவில்லை.

"ஆச்சாம்மா?" சித்தப்பா கதவருகே நின்றார். "ஆஸ்பத்திரியிலேர்ந்து வண்டி கெளம்பிடுச்சு. ஊருக்கெல்லாம் படம் எடுத்துக் குடுத்த மனுஷன். அவருக்குக் கூடத்துல வைக்க ஒரு படம் இல்லன்னா நல்லாவா இருக்கும்? பேசாம போன்ல இருக்கறதுல ஒண்ண எடேன்."

"எல்லாத்துலயும் கேமராதான் சித்தப்பா இருக்கு. மூஞ்சி அதுக்குப் பின்னாடி இருக்கு."

சித்தப்பா சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார். "சீக்கிரம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரை வந்தது. 'சொந்தம்' என்ற ஃபோல்டரில் கடைசிப் படத்தைத் திறந்தாள். கட்டம் கட்டமாகக் கருப்பு. மவுஸை நகர்த்தினால் கட்டங்கள் துடித்து இடம் மாறின. இடைவெளியில் அப்பாவின் நெற்றி கொஞ்சம் தெரிந்தது. மஞ்சள்.

இதைத்தான் இரண்டு மாதம் முன்பு போனில் கேட்டார்.

"படத்தைத் தொறந்தா கருப்புக் கட்டமா வருது. கலரும் மஞ்சளா அடிக்குது. பிசிக்ஸ் படிக்கிறியே, சொல்லு."

"சாப்ட்வேர் புதுசு, உங்க கிராபிக்ஸ் கார்டு கெழம். அதால ஓட முடியல. செட்டிங்ஸ்ல கிராபிக்ஸ் கார்டுக்கு நேரா இருக்கற டிக்கை எடுத்துட்டு, மூடித் தொறங்க. சரியாயிடும்."

"மஞ்சளும் அதனாலதானா?"

"அதனாலதான் இருக்கும்ப்பா."

"சரி. அம்மாகிட்டச் சொல்லிடறேன். நீ பரீட்சையப் பாரு."

அம்மாவிடம் எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

நேற்று இரவு டாக்டர் சொன்னார்: "ஈரல் மொத்தமா போயிடுச்சு. கண்ணெல்லாம் மஞ்சளாகி எவ்ளோ நாள் ஆகியிருக்கும். வீட்ல யாருமே பாக்கலையா?"

"நேர்ல கேட்டா பல்பு வெளிச்சம்னாரு," என்றாள் அம்மா. "படத்துல பாத்துட்டுக் கேட்டா கம்ப்யூட்டர் கோளாறுன்னாரு. பொண்ணே சொல்லிட்டாளாம்." மகள் பக்கம் திரும்பவில்லை.

அப்போதிலிருந்து அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த மஞ்சள் திரையின் கோளாறாகவே இருந்திருக்க வேண்டும்.

செட்டிங்ஸைத் திறந்தாள். டிக் அப்படியே இருந்தது. அவர் எடுக்கவே இல்லை. எடுத்தாள். மூடினாள். திறந்தாள். உள்ளங்கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள்.

முதலில் யாரோ ஒரு குழந்தையின் பாஸ்போர்ட் படம். கட்டங்கள் போயிருந்தன. பின்னணி வெள்ளையாக இருந்தது. கன்னம் ரோஸ் நிறம்.

பிறகு அப்பா.

டைமர் வைத்துத் தானே எடுத்திருந்தார். கன்னத்தோடு சேர்த்து ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்திருந்தார். கடைக்கு வருகிற எல்லோரிடமும் கொடுக்கிற அட்டை. "இதப் பிடிங்க. இது வெள்ளையா விழுந்தா மத்த கலரெல்லாம் தானா சரியாயிடும்," என்பார்.

அட்டை வெள்ளையாகவே இருந்தது. முகம் மஞ்சள். கண்களும் மஞ்சள்.

அதே ஃபோல்டரில் அதே சட்டை, அதே அட்டையோடு இன்னும் சில படங்கள். பழைய படங்களுக்குப் போகப் போக மஞ்சள் குறைந்தது. முதல் படத்தின் தேதியைப் பார்த்தாள். அவளுக்குப் போன் செய்ததற்கு முந்தைய வாரம்.

வெளியே வண்டிச் சத்தம். எட்டிப் பார்த்தாள். வேறு வண்டி.

சித்தப்பா அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். "அட, தெளிவா வந்துடுச்சே! அந்த மஞ்சளை மட்டும் கொஞ்சம் எடுத்துடும்மா. வர்றவங்க ஆளுக்கொரு கேள்வி கேப்பாங்க."

அவள் நிறப் பட்டையை மெல்ல இழுத்தாள். மஞ்சள் வடிந்தது. அப்பா பழைய அப்பாவானார்.

"அப்பாடா," என்றார் சித்தப்பா. "கோளாறு போயிடுச்சு பாருங்க அண்ணி. பிரிண்ட் குடும்மா." அவர் பிரேமைத் தேடி முன்னறைக்குப் போனார்.

அம்மா குனிந்து திரையையே பார்த்தாள்.

"அட்டை ஏன் நீலமாயிடுச்சு?"

அவள் பட்டையை இருந்த இடத்துக்கே தள்ளினாள். அட்டை மறுபடியும் வெள்ளையானது. அம்மாவின் விரல் திரையில் அட்டையைத் தொட்டது. அதை விட்டு, பக்கத்திலிருந்த கன்னத்துக்கு வந்தது. அங்கேயே நின்றது.

"கம்ப்யூட்டர்ல கோளாறு இல்லம்மா," என்றாள் மகள். "அப்பாவுக்குத் தெரியும்."