ஒட்டில்லாத வயர்

முத்தம்மை கட்டிய காற்றாலை முதல் பதினொரு நாள் சுற்றாமல் இருந்து அவள் மானத்தை வாங்கியது. பன்னிரண்டாம் நாளிலிருந்து நிற்காமல் சுற்றி அவள் உயிரை வாங்கியது.

பினாங்கு தெருவில் அவர்கள் குடியிருந்த கடைவீட்டின் பின்கட்டு மொட்டைமாடியில், துணிக்கொடிக்குப் பக்கத்தில் எட்டடிக் கம்பம் ஒன்றை நட்டிருந்தாள். அதற்கு மேல் உயரக் கூடாதென்று வீட்டுக்காரச் சீனர் சொல்லிவிட்டார். கம்பத்தின் தலையில், ரோப் வாக் தெருப் பழைய சாமான் கடையில் பொறுக்கிய ஒரு கம்ப்யூட்டர் மோட்டார். அதன் மூக்கில், தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் பிளந்து செதுக்கிய மூன்று இறக்கைகள். பின்னால் பிஸ்கட் டின் தகரத்தில் ஒரு வால். காற்று இறக்கையைச் சுற்றினால் மோட்டார் மின்சாரம் கொடுக்கும். அது வயர் வழியே இறங்கி, மரப்பெட்டிக்குள் இருக்கும் பழைய லாரி பேட்டரியில் ஏறும். மோட்டாரை ஒட்டிச் சிவப்பு வயரின் நடுவே, மிளகைவிடச் சற்றுப் பெரிய டையோடு ஒன்றை அவளே பற்றவைத்து, டேப் சுற்றி, மோட்டாரோடு சேர்த்து ஒரு டின்னால் மூடியிருந்தாள். மின்சாரத்தைப் பேட்டரிக்குப் போகவிடும், திரும்பி வரவிடாது. ஒருவழிக் கதவு மாதிரி.

மூன்று வருஷம் இயற்பியல் படித்தவள் வாழ்க்கையில் முதல்முதலாகப் பற்றவைத்தது அதைத்தான். பல்கலைக்கழகத்தில் எல்லாவற்றையும் ஆய்வகத்துக்காரர் பற்றவைத்து மேசைமேல் வைத்திருப்பார். பார்த்து எழுதுவதுதான் படிப்பு. குடும்பத்தில் முதல் பட்டம் என்று கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். மாட்டிப் பத்து மாதம் ஆகியும் வேலை இல்லை. எண்பத்தாறில் யாருக்குத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் பட்டத்தை ஒருமுறை பார்ப்பார்கள், அவளை ஒருமுறை பார்ப்பார்கள், பிறகு காப்பியைக் குடிப்பார்கள். அந்த நடுப்பார்வைக்காகவே அவளுக்கு எல்லோரையும் அறைய வேண்டும் போலிருக்கும்.

அப்போதுதான் டாக்டர் பரமநாதன், அவளுக்குப் பாடம் எடுத்த யாழ்ப்பாணத்துக்காரர், காற்றாலை ஆராய்ச்சிக்கு ஓர் உதவியாளர் தேவை என்றார். சொந்தமாக ஒன்றைக் கட்டி நாலு வாரம் அளவெடுத்து வைத்தால் வீட்டுக்கே வந்து பார்ப்பதாகச் சொன்னார். அது கிடைக்காவிட்டால், தீவிலிருந்து ஃபெரியில் கடல் தாண்டிப் போக வேண்டிய கெப்பாலா பத்தாஸ் மாவட்ட அலுவலகத்தில் தற்காலிகக் குமாஸ்தா வேலை. அதற்கு நேர்முகமும் போய் வந்தாள், திங்கட்கிழமை எட்டு மணிக்கு வந்து சேரவும் என்ற கடிதமும் கையில் இருந்தது. டாக்டர் வருவது அதற்கு முந்திய சனிக்கிழமை.

நோட்டுப்புத்தகம்தான் அவளைப் பைத்தியமாக்கியது. காலை ஏழுக்கும் மாலை நாலுக்கும் பேட்டரியில் மீட்டரை வைத்து வோல்ட் எழுதுவாள். பக்கத்தில் 'சுற்றுகிறது', 'இல்லை' என்று ஒரு கட்டம். முதல் பதினொரு நாளும் பெரும்பாலும் 'இல்லை'. பேட்டரி மட்டும் பன்னிரண்டரை வோல்ட்டில் அசையாமல் நின்றது. பன்னிரண்டாம் நாளிலிருந்து காலையிலும் 'சுற்றுகிறது', மாலையிலும் 'சுற்றுகிறது'. பேட்டரியோ இரண்டே நாளில் செத்தது. பழுதுக்கடை நூர் முகம்மதிடம் தூக்கிப் போய்ச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்தாள். ஆலை மறுபடி ஜோராகச் சுற்றியது. பேட்டரி மறுபடி செத்தது.

சுற்றாதபோது இருக்கிறது. சுற்றினால் போய்விடுகிறது. சமன்பாடுகளை நாலு தாளில் திருப்பித் திருப்பிப் போட்டாள். நாலிலும் பேட்டரி நிறைந்தது.

"ஏன்டி, அந்தப் பேட்டரிய மாட்டினாத்தான் காத்தே வருது," என்றாள் அவளைப் பெற்ற ஆத்தா, துணி காயப்போட்டுக்கொண்டே. "நேத்து அது செத்துக் கெடந்துச்சு, காத்தாடியும் நின்னுச்சு. இன்னிக்கு நீ கொண்டாந்து மாட்டின, கிறுகிறுன்னு சுத்துது."

"ஆத்தா, காத்து கடல்லேர்ந்து வருது. பேட்டரிலேர்ந்து வராது."

"எனக்கென்ன தெரியும். நான் ஸ்டாண்டர்ட் த்ரீ. நீதானே படிச்சவ."

"படிச்சவ-ன்னு சொல்லாதீங்க."

"பின்ன என்னன்னு சொல்றது? கூடத்துல மாட்டி வேற வச்சிருக்கு."

முத்தம்மை பேட்டரி மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பார்த்தாள். பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆத்தாவின் முகத்தைப் பார்க்காமலிருக்க அது ஒரு வழி.

அப்பச்சிக்கு மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை. அவள் அப்பா வெள்ளையன் செட்டியாருக்கு, தெருமுனையில் இருந்த கிட்டங்கியில் முப்பது வருஷமாக மேல்பார்வை வேலை. செட்டியார்கள் வரிசையாகப் பெட்டியடி போட்டு உட்கார்ந்து வியாபாரம் பார்த்த அந்த நீளக் கூடத்தில் இப்போது பாதிப் பெட்டிகளுக்கு ஆள் இல்லை. கூட்டிப் பெருக்கி, சாமிக்கு விளக்கேற்ற அவர் இருந்தார். நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு, சாய்வு நாற்காலியை மாடிக்குத் தூக்கி வந்து ஆலைக்குப் பின்னால் மூன்று எட்டு தள்ளிப் போடுவார். சனிக்கிழமைக்கு முந்திய இரண்டு வாரமும் அதே இடம்தான்.

"எந்தப் பக்கமும் ஒரு இலை அசையல," என்பார், கண்ணை மூடியபடி. "இங்க மட்டும் பாரு, என்ன சுகமாக் காத்து வருது. நல்ல இடமாப் பாத்துத்தான் வச்சிருக்க."

அந்தச் சொல்லை முத்தம்மை நோட்டில்கூட எழுதினாள்: கம்பம் நிற்கும் இடத்தில் காற்று அதிகம். படித்த பெண் எழுதியதில் அதைவிட முட்டாள்தனமான வரி வேறு கிடையாது.

வியாழக்கிழமை பேட்டரியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு சூலியா தெருவுக்குப் போனாள். விசிறியும் ரேடியோவும் பழுது பார்க்கும் நூர் முகம்மது அதை மீட்டரில் தட்டிப் பார்த்தார்.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. யாரோ தின்னுடுறாங்க."

"யாரு தின்றா? நான் ஒரு பல்புகூட மாட்டல."

"அப்ப பேய் தின்னுதுலா." சிரித்தவர், அவள் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார். "அந்த மேல் வயரு எல்லாம் சரியா இருக்கா?"

"சரியா இருக்கு. நானே பத்தவச்சது."

நூர் முகம்மது ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு திருப்புளியைத் தேடுகிறவர் போல மேசைக்கடியில் குனிந்துகொண்டார். அவருக்கும் தன் பட்டத்தின் மேல் இளக்காரம் என்று முத்தம்மை நினைத்துக்கொண்டாள். சார்ஜ் ஏறியதும் தூக்கி வண்டியில் வைத்தாள். வரும் வழியெல்லாம் யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு டாக்டர் பரமநாதன் காடியைத் தெருவோரம் நிறுத்திவிட்டு மேலே வந்தார். வெள்ளைச் சட்டை, முதுகு முழுக்க வியர்வை. கொடியில் அப்பச்சியின் வேட்டி ஈயத்தில் செய்தது போலத் தொங்கியது. ஆலை மட்டும் வட்டமாகத் தெரிகிற வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"இண்டைக்குக் காத்தே இல்லை," என்றார் டாக்டர். "எண்டாலும் சுத்துது."

"எப்பவும் சுத்தும் டாக்டர்," என்றார் அப்பச்சி. சட்டை போட்டு, திருநீறு பூசி, தயாராக நின்றிருந்தார். "ரெண்டு வாரமா ஒரு நாள் நின்னதில்ல."

பேட்டரி செத்து நின்ற நாட்களை அப்பச்சி விட்டுவிட்டார். முத்தம்மையும் திருத்தவில்லை. டாக்டர் இறக்கையைப் பார்த்தார், தகர வாலைப் பார்த்தார், நோட்டைப் புரட்டினார். 'சுற்றுகிறது', 'சுற்றுகிறது' என்று இறங்கிய கட்டத்தின்மேல் விரலை ஓட்டினார். மீட்டர் அளவுகளை அவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை.

"குழாய வெட்டி இறக்கை செய்யிறது நல்ல யோசனை. இவ்வளவு குறைஞ்ச காத்துல சுத்துறதுதான் எங்களுக்கு வேணும். திங்கக்கிழமை வந்து ஃபார்ம் எழுதுங்கோ."

அவ்வளவுதான். கிடைத்துவிட்டது. ஆத்தா படிக்கட்டு வாசலில் தட்டோடு நின்று, காது கேளாதவள் போல முகத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்படி வந்து நில்லுங்க டாக்டர்," அப்பச்சி அவரைக் கையைப் பிடிக்காத குறையாக நாற்காலிப் பக்கம் அழைத்தார். "இங்க நின்னாத்தான் தெரியும்."

டாக்டர் ஆலைக்குப் பின்னால் போய் நின்றார். நெற்றியில் ஒட்டியிருந்த முடி எழுந்து பறந்தது. "ஓம், நல்ல காத்து," என்றார் கண்ணைச் சுருக்கியபடி.

முத்தம்மை ஆலைக்கு முன்னால், கடலைப் பார்க்கும் பக்கம் நின்றிருந்தாள். அவள் முகத்தில் ஒன்றும் படவில்லை. பக்கத்திலேயே வேட்டி தொங்கியது. அதிலும் ஒன்றுமில்லை. நாலடி தள்ளி டாக்டரின் முடி பறக்கிறது. காற்று ஆலைக்கு வரவே இல்லை, ஆலையிலிருந்து போகிறது. காற்றை எடுக்க வேண்டிய இறக்கை, கொடுத்துக்கொண்டிருந்தது.

யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள். திங்கட்கிழமைவரை வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பாள். கைதான் முந்திக்கொண்டது. குனிந்து மரப்பெட்டியைத் திறந்து, பேட்டரியிலிருந்து சிவப்பு வயரைப் பிடுங்கினாள்.

ஆலை தளர்ந்தது. மூன்று இறக்கையும் தனித்தனியாகத் தெரிந்தன. பிறகு நின்றது. டாக்டரின் முடி நெற்றியில் இறங்கியது.

வயரை மறுபடி தொட்டாள். சுற்றத் தொடங்கியது. எடுத்தாள். நின்றது.

"இது காத்தாலை இல்ல சார்," என்றாள். "ஃபேன். பேட்டரிலதான் ஓடுது. ரெண்டு வாரமா எங்கப்பச்சிக்கு விசிறி விட்டுட்டிருக்கேன்."

டாக்டர்தான் முதலில் கேட்டார். "டையோடு போடலையா?"

"போட்டேன். நானே போட்டேன்." ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, டின்னைக் கழற்றினாள். உள்ளே சிவப்பு வயர் மோட்டாரிலிருந்து நேராக, வழவழவென்று, ஓர் இடத்திலும் புடைப்பில்லாமல் இறங்கியது. புது வயர். அவள் போட்டதே அல்ல.

"அது நான்தான்," என்றார் அப்பச்சி.

ஸ்டூல்மேல் நின்றபடியே திரும்பிப் பார்த்தாள்.

"நீ கெப்பாலா பத்தாஸ் போயிருந்தல்ல, அன்னிக்கு வெள்ளிக்கிழமை. விளக்கேத்துறதுக்கு முந்தி வயரத் தடவிப் பாக்குறது எனக்குப் பழக்கம்." டாக்டரைப் பார்த்து விளக்கினார்: "கிட்டங்கில ஒருக்கா ஒட்டு வயர் பொகஞ்சு ஒரு பெட்டியடி கருகிப்போச்சு. அதுலேர்ந்து வெள்ளிக்கு வெள்ளி எல்லா வயரையும் கையால தடவிப் பாத்துத்தான் தீக்குச்சி கிழிப்பேன். ஒட்டு தட்டுப்பட்டா முழு வயரா மாத்திடணும். இங்கயும் ஸ்டூல் போட்டு, டின்னக் கழட்டித் தடவினேன். நடுவுல முடிச்சு மாதிரி ஒண்ணு இருந்துச்சு. கீழ மரத்தரை, ஆத்தாவும் நீயும் தூங்குற எடம். நூர் முகம்மதக் கூட்டியாந்து மாத்தினேன். அவன் என்னமோ இருக்கு அண்ணேன்னான். ஒட்டு வேணாம்னுட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அப்பச்சி நாற்காலியின் கான்வாஸைத் தடவினார். "மாத்தின ஒடனே சுத்த ஆரம்பிச்சிடுச்சு. பதினோரு நாள் நின்னது. நான் சொல்லியிருந்தா, வயர் மாத்தினதாலதான் சுத்துச்சு, செட்டியார்தான் சரி பண்ணினார்னு ஆயிடும். நீ செஞ்சதாவே இருக்கட்டும்னு நூர்கிட்டயும் சொல்லாதன்னுட்டேன்."

சட்டைப்பையிலிருந்து ஒரு வெற்றிலைப் பாக்குப் பொட்டணத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே டையோடு இருந்தது. இரண்டு பக்கமும் அவள் பற்றவைத்த அசிங்கமான ஈயக்கட்டியோடு. ஒட்டு வேண்டாம் என்றவர் அதைத் தூக்கி எறியவும் இல்லை.

கோபம் வந்தது. வாய்வரை வந்து அங்கேயே நின்றது. இந்த மனிதரை எங்கே பிடித்துத் திட்டுவது என்று அவளுக்கு விளங்கவில்லை.

டாக்டர் மறுபடி நோட்டை வாங்கினார். இந்த முறை முதல் பதினொரு நாளை மட்டும், ஒவ்வொரு வரியாகப் படித்தார். படிக்கப் படிக்க முகம் வாடியது.

"இது மட்டும்தான் உண்மையான அளவு," என்றார். "காத்து இல்லை. கிட்டத்தட்ட இல்லவே இல்லை."

"ஆமா சார்."

"இது சரியெண்டா என்ட ஆராய்ச்சிக்கு இங்க வேலையில்லை. விளங்குதோ?"

"விளங்குது. எட்டடிக் கம்பம்தானே சார், உயரத்துல இருக்கலாம்," என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். "தெரியல. ஆனா எழுதினது சரி."

டாக்டர் பேனாவை எடுத்துப் பதினோராம் நாளுக்குக் கீழே ஒரு கோடு போட்டார்.

"காத்து இல்லையெண்டு எழுதவும் ஓராள் வேணும். ஒரு மாசம். அதுக்குமேல நான் ஒண்டும் சொல்ல ஏலாது. திங்கக்கிழமை வாங்கோ, வராட்டியும் நான் கோவிக்க மாட்டன்."

இது வேலையா, ஆறுதலா என்று அவளுக்குப் புரியவில்லை. அவருக்கே புரிந்த மாதிரி தெரியவில்லை. ஆத்தா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுக் காடியில் ஏறிப் போனார்.

அன்று மாலையே முத்தம்மை வயரை வெட்டி, டையோடைப் பற்றவைத்தாள். அப்பச்சி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். ஒட்டைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது பொகையாது அப்பச்சி."

"பொகையாதுன்னா சரி."

பேட்டரியை மாட்டினாள். ஆலை அசையவில்லை. கெப்பாலா பத்தாஸ் கடிதத்தை இடுப்பிலிருந்து எடுத்து, நோட்டின் கடைசிப் பக்கத்துக்குள் செருகினாள். குமாஸ்தா வேலை ஆறு மாதம், இது ஒரு மாதம். எட்டாம் வகுப்புக் கணக்கே போதும், எது பெரிது என்று சொல்ல. இருந்தும் திங்கட்கிழமை ஃபெரி ஏறப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஏன் என்று மட்டும் தெரியவில்லை.

அப்பச்சி பழக்கத்தில் நாற்காலியை அதே இடத்தில் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பொறுத்து, துண்டை எடுத்து விசிறிக்கொண்டார்.

ஆத்தா கொடியிலிருந்து வேட்டியை உருவிக்கொண்டே கேட்டாள். "இப்ப சரியாயிடுச்சா?"

"சரியாயிடுச்சு."

"பின்ன ஏன்டி சுத்தல?"

"சரியாயிடுச்சு, அதான்," என்றாள் முத்தம்மை, நோட்டைத் திறந்து அன்றைய தேதியைப் போட்டு 'இல்லை' என்று எழுதியபடி.