பென்சில் புள்ளிகள்

பொகவந்தலாவைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு 2007இல் இணையம் வந்தது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பழைய பிள்ளைக் காம்பராவில் ஐந்து கம்ப்யூட்டர்களை வைத்தார்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு எல்லாம் இலவசம், அச்சடிப்பதும் சேர்த்துத்தான்.

நிஷாந்தி அங்கேயே குடியிருந்தாள் என்று சொன்னாலும் தகும். பன்னிரண்டு வருட உயர்தரப் பரீட்சை வினாத்தாள்களை, விடைகளோடு, ஒன்றுவிடாமல் அச்சடித்தாள். ஒரு கட்டுச் சேரும்போது அத்தனையையும் படித்து முடித்த நிறைவு வந்துவிடும். அம்மா பேச்சியம்மா அவற்றை ஈரம் படாமல் பொலித்தீனில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தாள். "எம் மக கரை சேந்துருவா. கொழுந்துக் கூடை என்னோட போகட்டும்" என்று லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லி வந்தாள்.

கூடப் படித்த யோகராணிக்கு வீடு மலையடிவாரத்தில். பள்ளிக்கூடம் விட்டபின் இவ்வளவு தூரம் ஏறி வர அவளுக்கு முடியாது. நிஷாந்தியிடம் ஒவ்வொரு கட்டாக இரவல் வாங்கிப் போவாள். கேள்விகளைக் கொப்பியில் எழுதி, விடையும் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவாள்.

"எதுக்குடி கைய ஒடச்சிக்கிற? ஒனக்கும் ஒண்ணு அடிச்சித் தர்றேன்."

"வேணாம்டி. எழுதுனாத்தான் எனக்கு மண்டையில ஏறும்."

சரியான மக்கு என்று நிஷாந்தி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

பரீட்சை முடிந்தது. முடிவுகளும் கம்ப்யூட்டரில்தான் முதலில் வந்தன. தட்டுவதில் கெட்டிக்காரி என்பதால் நிஷாந்தியையே உட்கார வைத்தார்கள். அன்று மலையேறி வந்திருந்த யோகராணியின் பரீட்சைச் சுட்டெண்ணைத் தட்டினாள். இரண்டு பி, ஒரு சி. பிறகு தன்னுடையதைத் தட்டினாள். ஒரு எஸ், இரண்டு எஃப். கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது, அவ்வளவு வேகமான இணையம்.

இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு பேச்சியம்மா வாசலில் நின்றாள். "என்னம்மா வந்திருக்கு?"

"பெயிலும்மா."

"நல்லாப் பாரு. மிசினுதானே, மாத்திக் காட்டியிருக்கும்."

மறுபடி தட்டினாள். மாறவில்லை. மத்தியானக் கொழுந்து நிறுவைக்கு நேரமாகிவிட்டதால் பேச்சியம்மா மலைக்குத் திரும்பினாள். யோகராணி வந்து தோளைத் தொட்டாள். தொட்டதே நிஷாந்திக்கு உறைக்கவில்லை. அழுகையும் வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

லயத்துக்குப் போய்க் கட்டுகளை வெளியே இழுத்தாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவளோ ஏட்டையே திறந்திருக்கவில்லை. தாள்கள் அச்சடித்த அன்று இருந்தபடியே இருந்தன. ஒவ்வொரு கேள்வியின் ஓரத்திலும் மட்டும் ஒரு சின்னப் பென்சில் புள்ளி. எழுதும்போது இடம் தவறாமலிருக்க யோகராணி வைத்தது.

தன் பேனா பட்ட இடம் ஒன்றாவது இருக்குமா என்று கடைசித் தாள்வரை புரட்டினாள். இல்லை.