பொறந்த வீட்டுக் கோடி

சேலையை விரித்துக்கூடப் பார்க்காமல், "இதையே கட்டிக் குடுங்க" என்றாள் நிஷாந்தினி. தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். அவள் மட்டும் பஸ் பிடித்து ஹாலிஎலக் கடைத்தெருவுக்கு வந்திருந்தாள்.

"ஆருக்கு?" என்று கேட்ட கடைப் பையன் புவாத்துக்கும் அவள் வயதுதான் இருக்கும். சின்ன வயதில் மற்ற முஸ்லிம்களோடு யாழ்ப்பாணத்தை விட்டுத் துரத்தப்பட்டவன். உம்மா புத்தளத்து முகாமில் இருந்தாள். இவன் கடை மாடியில் தனியே படுத்துக்கொண்டான்.

"எங்கம்மா தவறிட்டாங்க. பொறந்த வீட்டுக் கோடி போடணும். கூடப் பொறந்தவங்க எல்லாம் எப்பவோ இந்தியாவுக்குப் போயிட்டாங்க. மாமா குடுத்தனுப்பினதா சொல்லப் போறேன்."

கோடி போடாமல் தூக்கக்கூடாது என்று லயத்து வாசலில் நின்றிருந்தார் பெரியப்பா இராசையா. அம்மா படுக்கையில் கிடந்தபோது எட்டிப் பார்க்காத மனுஷன், இப்போது முறை பேச மட்டும் முதல் ஆளாக வந்துவிட்டார். நாதியற்றவள் என்ற பேரோடு அம்மா போய்விடக்கூடாது என்றுதான் நிஷாந்தினி கடைக்கு ஓடி வந்தாள். அம்மா வாழ்நாளெல்லாம் பயந்த பேர் அது.

புவாத் பொட்டலத்தை நீட்டவில்லை. "மகள் கொண்டு போனா நம்புவினமோ?"

அதுவரை வராத அழுகை அவளுக்கு அங்கே வந்தது. அவன் முதலாளியிடம் ஏதோ சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான்.

பஸ்ஸில் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "அக்கான்ர பேர் என்ன?"

"பாக்கியலெட்சுமி."

லயத்து வாசலில் அவனைக் கண்டதும் தப்பு மேளம் நின்றது.

"யாரு தம்பி நீங்க?" என்றார் இராசையா.

"பாக்கியலெட்சுமி அக்கான்ர தம்பி."

வாயைத் திறந்ததுமே குட்டு உடைந்துவிட்டது. அந்த லயத்தில் யாருடைய தம்பியும் அப்படி யாழ்ப்பாணத்துப் பேச்சுப் பேசமாட்டான். நிஷாந்தினி தரையையே பார்த்தாள். இராசையா அவனையும் அவன் கையிலிருந்த சேலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மாமன் வந்தாச்சு. வழி விடுங்க."

கடையில் துணி கசங்காமல் விரிக்கும் அதே பக்குவத்தோடு அக்காவின் கால்முதல் மார்புவரை சேலையைப் போர்த்தினான் புவாத்.

அடக்கம் முடிந்து ஆட்கள் ஒவ்வொருவராய்க் கலைந்தார்கள். ஒற்றை அறைக் காம்பராவில் அவளும் அணையா விளக்கும்தான் மிச்சம். புவாத் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வாசலிலேயே நின்றான்.

பக்கத்து வீட்டார் கொடுத்த, பாலும் சீனியும் இல்லாத பிளேன்டீயை அவள் டம்ளரில் ஊற்றினாள். விருந்தாளி என்றால் சீனியைக் கலந்து கொடுப்பார்கள். வீட்டு ஆட்களுக்கு உள்ளங்கையில்தான் போடுவார்கள். நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும். அவள் சீனி டின்னைத் திறந்தாள்.

"உள்ள வந்து உக்காருங்க மாமா" என்றாள். "கையை நீட்டுங்க."