சுவிட்ச் இருக்கும் இடம்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. எங்கள் தோட்டக் குடியிருப்புச் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது. செயலாளர் ஹேமநாதன் வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்: காரையும் கார் கொட்டகையையும் திருடரிடமிருந்து காப்பது எப்படி.

"நீங்கதான் காலேஜ் படிச்சவரு, எழுதுங்கலா தம்பி. போன வருசம் நம்ம வரிசையில மூனு காடி போச்சு. உங்க கொட்டாய்க்கு மட்டும் ஒருத்தனும் வரல."

சரி என்றேன். அவர் போனதும் முதல் வரியை எழுதினேன்.

காரைக் காப்பதற்கு முதலில் செய்ய வேண்டியது, யாரையும்

அங்கேயே நின்றுவிட்டது. அந்த வரியை அடித்துவிடாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

2

கட்டுரை வராது என்று தெரிந்ததும் கதையாக்கப் பார்த்தேன். நாயகனுக்குச் சத்தியசீலன் என்று பெயர் வைத்து, அடுத்த வரியிலேயே மாற்றினேன். அந்தப் பெயர் அவனைக் கேலி செய்தது. இப்போது அவன் சசிதரன். வயது முப்பத்தொன்று. அவன் நான்தான், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. 'நான்' என்று எழுதினால் கை நகர மறுக்கிறது. ஆகவே 'அவன்'.

சசிதரனின் வீடு தோட்டத்தின் கடைசி வரிசையில் இருந்தது. பின்னால் செம்பனைக் காடு. சிரம்பான் நகரில் உள்ள அலுவலகத்துக்கு அவன் மோட்டார் சைக்கிளில் போவான். கார் கொட்டகையில் நிற்கும். கொட்டகையின் இரும்புக் கதவுக்கு இரண்டு பூட்டு, ஸ்டியரிங்குக்கு ஒன்று. அதுவும் போதாதென்று பக்கத்து ஊரான பாரோயில் ஒரு பட்டறையில் ரகசியமாக ஒரு சுவிட்ச் வைத்துக்கொண்டான். அதை அணைத்துவிட்டால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போகாது. சாவியைத் திருப்பினால் உறுமும். உறுமிக்கொண்டே இருக்கும், கிளம்பாது.

மனைவி மோகனா கேட்டாள்.

"திருடனுக்குத் தெரியக்கூடாது, சரி. எனக்குமா?"

"உனக்குக் காடி வேணுங்கறப்ப நானே போட்டு வைக்கிறேன்."

"ஏன், நான் என்ன கள்ளியா?"

"உன் வாய் சும்மா இருக்காதுலா."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அதற்குக் கள்ளச் சுவிட்ச் என்று பெயர் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கப் பாசாருக்குக் கிளம்பும்போது, "சாமி, கள்ளனத் தட்டி எழுப்புங்க," என்று வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். அவன் அவளைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் காருக்குள் கையை விடுவான். இருவரும் சிரிப்பார்கள்.

3

(இந்தப் பகுதியை மூன்று முறை நீக்கினேன்.)

சுவிட்ச் வைத்தபோது சசிதரன் மனத்தில் இருந்த திருடனுக்கு ஒரு முகம் இருந்தது. மோகனாவின் அண்ணன் ரவிச்சந்திரனின் முகம். போர்டிக்சன் கடற்கரைப் பக்கம் லோரி ஓட்டுகிறவர். ஒரு துரும்பைக்கூடத் திருடாதவர். சசிதரன் வேலைக்குப் போயிருக்கும்போது வந்து தங்கையிடம் காரைக் கேட்பார், அவ்வளவுதான். திரும்பி வரும்போது இருக்கையெல்லாம் கடல்மணல் இருக்கும். அண்ணனிடம் மாட்டேன் என்று சொல்ல மோகனாவுக்கு வராது. அவளுக்குத் தெரிந்தால் அவருக்கும் தெரிந்துவிடும்.

மச்சானுக்குக் கார் கொடுக்க இவனுக்கு மனமில்லை. அதை முகத்துக்கு நேரே சொல்லவும் துணிவில்லை. சுவிட்ச் வைத்தான்.

[அடிக்குறிப்பு: காரில் இருந்த பேட்டரி அந்த மச்சான் வாங்கி மாட்டியது. "எத்தன வாட்டி எடுத்துட்டுப் போயிருக்கேன், இதாவது செய்றேன்," என்றார்.]

4

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

அன்று காலையிலிருந்தே மழை (இல்லை. நல்ல வெயில்.)

மரணம் என்பது (வேண்டாம்.)

மோகனாவுக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. இதுதான் சரி.

செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. இன்ஹேலர் அடித்தும் மூச்சுத்திணறல் அடங்கவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கிறாள்; அது செம்பனைக் காட்டுக்குள் வழி தேடிக்கொண்டிருந்தது. சசிதரனை இரண்டு முறை அழைத்திருக்கிறாள். அவன் கைப்பேசியின் ஒலியை நிறுத்திவிட்டுக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தான். அவள் கொட்டகைப் பூட்டு இரண்டையும் திறந்திருக்கிறாள். ஸ்டியரிங் பூட்டைக் கழற்றியிருக்கிறாள். சாவியைத் திருப்பியிருக்கிறாள்.

நாலு வீடு தள்ளியிருக்கும் மயிலம்மாள் பிறகு சொன்னார்: "ரொம்ப நேரம் உர்ரு உர்ருன்னு கேட்டுச்சுப்பா. நீதான் லீவு போட்டுட்டுக் காடி பாக்கறேன்னு நெனச்சேன். அப்புறம் சத்தமே இல்ல."

ஆம்புலன்ஸ்காரர்கள் அவளை ஓட்டுநர் இருக்கையிலிருந்துதான் தூக்கினார்கள்.

மருத்துவமனை வாசலில் ரவிச்சந்திரன் கேட்டார்.

"காடி ஏன் மாப்ள ஸ்டாட் ஆவல?"

"பேட்டரி மச்சான்."

அன்று மாலை அவரே வந்து பேட்டரியைச் சோதித்தார். சுத்தமாகத் தீர்ந்திருந்தது. அது தீரும்வரை அவள் திருப்பியிருக்கிறாள் என்பது சசிதரனுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. "நான் மாட்டுன பேட்டரி," என்று தலையில் அடித்துக்கொண்டார். சசிதரன் பக்கத்தில் நின்றான். அவர் கையைப் பிடித்துத் தடுத்தான்.

5

எட்டு மாதம் ஆகிறது. கருமாதியிலும் ரவிச்சந்திரன் சொன்னார், ஆறாம் மாதப் படையலிலும் சொன்னார், கோயிலில் முன்பின் தெரியாதவர்களிடமும் சொல்கிறார்: என் தங்கச்சி என் பேட்டரியாலதான் போனா.

இன்று ஞாயிற்றுக்கிழமை. புதுப் பேட்டரி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். கொட்டகையில் குனிந்து மாட்டிக்கொண்டிருக்கிறார். சன்னலில் அவர் முதுகு தெரிகிறது. நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மூன்று முடிவுகள் கைவசம் உள்ளன.

சசிதரன் அவருக்கு முந்திப் போய் சுவிட்சைப் போட்டுவிடலாம். கார் உடனே கிளம்பும். பழைய பேட்டரிதான் குற்றவாளி என்று அவருக்கு ஆயுள் முழுவதும் உறுதியாகிவிடும்.

சும்மா இருக்கலாம். புதுப் பேட்டரியில் இன்ஜின் பலமாக உறுமும், கிளம்பாது. இருபது வருடம் லோரி ஓட்டியவர். ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

அல்லது வாயைத் திறந்து சொல்லலாம். மச்சான், அது பேட்டரி இல்ல, அன்னிக்கு

"மாப்ள! மாட்டியாச்சு. சாவி கொண்டா. இந்தத் தடவ நல்ல சாமான்தான், பயப்படாத."

வாசகரே, சுவிட்ச் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. இடப்பக்கம், கால்விரிப்பின் மடிப்புக்குள். உட்கார்ந்தபடியே கையை விட்டால் எட்டும். அவளுக்கும் எட்டியிருக்கும்.

இப்போது அது அணைந்திருக்கிறது. சாவியை எடுத்துக்கொண்டு போகிறேன்.